லினக்ஸ் செயலியை எந்தப் பொதியாகக் கட்டித் தருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகளுக்கு எடைச்சீட்டு போடும் ஒரு சின்னச் செயலியை எழுதிப் பராமரிக்கிறேன். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஓடுவது, பைத்தானில் எழுதியது. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் நண்பர்கள் கூடும்போது, முதல் செயலியை எழுதி முடித்த பிள்ளைகள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான்: "முடிச்சிட்டேன். இப்ப இதை எப்படிக் கொடுக்கிறது?" அதைச் சுற்றி வந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

அக்கா, விண்டோஸ்ல ஒரு செட்டப் ஃபைல் கொடுத்தா போதும். லினக்ஸ்ல மட்டும் ஏன் இத்தனை வழி?

விண்டோஸைத் தருவது ஒரே நிறுவனம். லினக்ஸ் என்பது கர்னலின், அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதியின், பெயர் மட்டும். அதன்மேல் சி லைப்ரரி (லைப்ரரி என்றால் பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்), டெஸ்க்டாப், எழுத்துரு, அச்சு ஏற்பாடு எல்லாவற்றையும் சேர்த்து முழு சிஸ்டமாகக் கட்டித் தருபவர்கள் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று பலர். அப்படிக் கட்டிய சிஸ்டத்தைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். ஒவ்வொருவரும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதிப்பு லைப்ரரிகளை எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் செயலிக்கு வேண்டிய லைப்ரரி, எதிரில் இருப்பவரின் கணினியில் எந்தப் பதிப்பில் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

கல்யாணச் சமையலுக்குப் போகிறவர் மண்டபத்துப் பாத்திரத்தை நம்பிப் போகலாம். தன் அண்டா குண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டும் போகலாம். டிஸ்ட்ரோவில் இருக்கும் லைப்ரரியை நம்புவது முதல் வழி. தேவையானதைக் கையோடு கொண்டுபோவது இரண்டாம் வழி. கீழே வரும் எல்லா வடிவங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிற்பவைதான்.

டெப், ஆர்பிஎம் இது ரெண்டும் என்ன?

மண்டபத்துப் பாத்திரத்தை நம்பும் வழி. 1993-இல் தொடங்கிய டெபியனும், அதிலிருந்து கிளைத்த உபுண்டு, மின்ட், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் ஆகியவையும் டெப் பொதியை எடுத்துக்கொள்கின்றன. ஃபெடோராவும் ஓப்பன்சூசேவும் ஆர்பிஎம். பொதிக்குள் உங்கள் கோப்புகளும், "இன்னின்ன லைப்ரரி இன்னின்ன பதிப்பிலிருந்து வேண்டும்" என்ற பட்டியலும் இருக்கும். பட்டியலில் உள்ளதை டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து சிஸ்டமே இறக்கிக்கொள்ளும்.

பொதி சிறியது, வேகமாகத் திறக்கும், பிரின்டர் முதல் எடைத்தராசு வரை எல்லாம் தடையில்லாமல் பேசும். சுமை உங்கள் பக்கம்தான்: ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும், பல சமயம் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும், தனித்தனியாகக் கட்டிச் சோதிக்க வேண்டும்.

ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் மூணும் ஒண்ணுதானே?

மூன்றும் பாத்திரத்தோடு போகிறவைதான். எவ்வளவு பாத்திரம், யார் வண்டி என்பதில்தான் வேறுபாடு. ஆப்இமேஜ் ஒரே கோப்பு. 2004-இல் கிளிக் என்ற பெயரில் சைமன் பீட்டர் தொடங்கியதன் தொடர்ச்சி அது. நிறுவ வேண்டியதில்லை, திறந்தால் ஓடும், அழித்தால் போய்விடும்.

ஃப்ளாட்பேக்கை அலெக்சாண்டர் லார்சன் எக்ஸ்டிஜி-ஆப் என்ற பெயரில் தொடங்கினார். 2016-இல் பெயர் மாறியது, 2018-இல் 1.0 வந்தது. இதில் பாத்திரம் இரண்டாகப் பிரிகிறது: பல செயலிகளுக்குப் பொதுவான லைப்ரரித் தொகுதி 'ரன்டைம்' என்று தனியாக ஒருமுறை இறங்கும், செயலிக்கே உரியது மட்டும் அதன் பொதிக்குள் இருக்கும். செயலி ஓடுவது ஒரு வேலிக்குள். அதைத்தான் சாண்ட்பாக்ஸ் என்கிறோம். ஸ்னாப் உபுண்டுவைத் தரும் கனானிக்கலுடையது. அதிலும் வேலி உண்டு, பொது அடித்தளம் உண்டு. ஆனால் கடை ஒன்றே ஒன்று, அதையும் கனானிக்கல்தான் நடத்துகிறது. ஃப்ளாட்பேக்கில் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஃப்ளாட்ஹப் அவற்றில் பெரியது.

சரி, எதுதான் பெஸ்ட்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்களைத் தவறான வழியில் அனுப்பியவளாவேன். முதலில் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பயனரின் கணினியில் இப்போது என்ன டிஸ்ட்ரோ, எந்த வெளியீடு? செயலி கணினியின் எந்தெந்தப் பாகத்தைத் தொட வேண்டும்? நாளைக்கு ஒரு பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தம் யார் கையால், எந்த வழியில் அவரிடம் போய்ச் சேரும்? மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. முதல்முறை நிறுவுவது ஒரு மணி நேர வேலை. திருத்தம் கொண்டுசேர்ப்பது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை.

என் லேப்டாப்ல நல்லா ஓடுது. கடையில போட்டா "ஜிலிப்சி இந்தப் பதிப்பு இல்லை"ன்னு திட்டுது. ஏன்?

எனக்கும் முதல் அடி இங்கேதான் விழுந்தது. புது லேப்டாப்பில் உபுண்டு 24.04 போட்டு அதிலேயே ஆப்இமேஜ் கட்டிக்கொண்டு முதுநகரில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்தது 20.04. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி, 24.04-இல் அது 2.39, 20.04-இல் 2.31. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 'எல்லாவற்றையும் உள்ளே வைத்த' ஆப்இமேஜும், பைத்தானுக்கான பைஇன்ஸ்டாலரும்கூட வழக்கமாக ஜிலிப்சியை மட்டும் உள்ளே வைப்பதில்லை; அதைக் கணினியில் இருப்பதிலிருந்துதான் எடுக்கின்றன. அண்டா குண்டாவெல்லாம் ஏற்றிவிட்டு அடுப்பை மண்டபத்தில் எதிர்பார்ப்பது போல.

தீர்வு எளிது: உங்கள் பயனர்களிடம் இருப்பதிலேயே மிகப் பழைய வெளியீடு எதுவோ, அதை ஒரு கன்டெய்னரில் (கணினிக்குள்ளேயே தனித்து ஓடும் இன்னொரு சிஸ்டம்) ஏற்றி அதற்குள் கட்டுங்கள். டெபியன் 11-இலும் ஜிலிப்சி 2.31தான், நான் இப்போது அதற்குள்தான் கட்டுகிறேன். ஃப்ளாட்பேக்கில் இந்தச் சிக்கலே எழாது, ஏனென்றால் ரன்டைமுக்குள் அதற்கென்று ஒரு ஜிலிப்சி இருக்கிறது. ஸ்னாப்பிலும் அப்படியே.

என் செயலி ரெண்டு எம்பி கூட இல்ல. ஃப்ளாட்பேக்ல போட்டா நூத்துக்கணக்கான எம்பி இறங்குதே, இது நியாயமா?

இறங்குவது உங்கள் செயலியல்ல, ரன்டைம். அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்த செயலிக்கு அது மறுபடி இறங்காது. கோப்புகளை ஓஎஸ்ட்ரீ என்ற முறையில் சேமிப்பதால், ஒரே கோப்பு இரண்டு பொதிகளில் வந்தாலும் வட்டில் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். புதுப்பிக்கும்போதும் மாறியது மட்டும் வரும். ஏற்கெனவே பத்து ஃப்ளாட்பேக் வைத்திருப்பவருக்கு உங்கள் செயலி உண்மையிலேயே சின்னதுதான்.

ஆனால் உங்களுடையதுதான் அவருடைய முதலும் கடைசியுமான ஃப்ளாட்பேக் என்றால், மொத்தச் சுமையும் அவர் தலையில்தான். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் பிடிக்கும் கடைக்காரரிடம் அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்று: ஃப்ரீடெஸ்க்டாப் ரன்டைம் ஆண்டுக்கொன்று வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் இரண்டு ஆண்டு. க்னோம் ரன்டைமுக்கு ஆயுள் இன்னும் குறைவு. அதற்குள் நீங்கள் புதியதற்கு மாறி மறுபடி கட்ட வேண்டும்.

எங்க பக்கம் நெட் அடிக்கடி போயிடும். பென்டிரைவ்ல கொண்டுபோய் போட எது சரி?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு, பல நாள் எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் விட்டுவிட்டுத்தான் வந்தன. அப்போது எனக்குக் கைகொடுத்தது ஆப்இமேஜ். ஒரே கோப்பு, வேறெதையும் இறக்கத் தேவையில்லை. டெப் பொதியும் பென்டிரைவில் போகும். ஆனால் அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் அந்தக் கணினியில் ஏற்கெனவே இருந்தால்தான் நிறுவும்.

ஃப்ளாட்பேக்கைத் தனிக் கோப்பாகக் கட்டலாம். அதற்குள் ரன்டைம் இருக்காது என்பதைத் தெரியாமல் போய் நின்றவர்கள் பலர். ரன்டைமோடு சேர்த்துப் பென்டிரைவுக்கு எடுக்க ஃப்ளாட்பேக்கிலேயே தனிக் கட்டளை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்னாப்பையும் முன்கூட்டி இறக்கலாம். கூடவே வரும் சான்றுக் கோப்பை மறக்காமல் எடுங்கள், அதன் அடித்தளப் பொதியையும்.

ஆப்இமேஜை டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே வரலையே?

மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன். கோப்புக்கு 'இயக்கலாம்' என்ற அனுமதி இல்லாதது ஒன்று. பென்டிரைவிலிருந்து நேராகத் திறந்தால் இது அடிக்கடி வரும்: பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட் வகை, அதில் லினக்ஸின் அனுமதிகளைக் குறித்துவைக்க இடமே கிடையாது. முதலில் வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்து, பண்புகளில் அனுமதியைக் கொடுங்கள்.

இரண்டாவது, ஆப்இமேஜ் தன்னைத் திறந்துகொள்ளப் பயன்படுத்தும் ஃபியூஸ் 2 லைப்ரரி இல்லாதது. உபுண்டு 22.04-இலிருந்து அது இயல்பாக வருவதில்லை, 24.04-இல் பொதியின் பெயரே மாறி, டி64 என்ற வாலோடு இருக்கிறது. இப்போதைய புது இயக்கியோடு கட்டிய ஆப்இமேஜுக்கு இந்த லைப்ரரி தேவையில்லை, ஆகவே உங்கள் கட்டும் கருவியைப் புதுப்பித்துவிடுங்கள். மூன்றாவது, வலைப்பக்க நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி கட்டும் எலக்ட்ரானில் எழுதியவர்களுக்கு: 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவலின் கெடுபிடி கூடியதால், எலக்ட்ரானின் உள் சாண்ட்பாக்ஸ் தொடங்க முடியாமல் செயலி நின்றுவிடும். சாண்ட்பாக்ஸை அணைத்து ஓட்டச் சொல்லி எழுதுகிறார்கள். தயவுசெய்து அதைப் பயனருக்குச் சொல்லாதீர்கள். டெப் பொதியாகக் கொடுத்து, அதிலேயே ஆப்ஆர்மர் விதியையும் சேருங்கள்.

தமிழ்ல டைப் பண்ணவே முடியலைக்கா. மத்த எல்லாத்துலயும் வருது, என் செயலியில மட்டும் வரலை.

நம் ஊர்ச் செயலிக்கு இதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் வழியாகவோ ஃபிசிட்எக்ஸ் வழியாகவோ வருகிறது. க்யூட்டி என்ற, செயலியின் சாளரங்களை அமைக்கும் கருவித்தொகுதியில் எழுதிய செயலி அவற்றோடு பேச ஒரு சொருகு வேண்டும். ஐபஸ் சொருகு க்யூட்டியோடே வரும். ஃபிசிட்எக்ஸ் சொருகு தனி. பிப் (பைத்தான் லைப்ரரிகளை இறக்கி நிறுவும் கருவி) வழியாக இறக்கிய பைக்யூட்டியில், அதாவது பைத்தானுக்கான க்யூட்டியில், ஐபஸ் சொருகு மட்டும்தான் இருக்கும். அதை வைத்து ஆப்இமேஜ் கட்டினால், ஐபஸ் வைத்திருக்கும் உங்களுக்குத் தமிழ் வரும், ஃபிசிட்எக்ஸ் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு வராது. சொருகைக் கைமுறையாகச் சேர்க்கலாம்; ஆனால் அது உங்கள் க்யூட்டி பதிப்போடு பொருந்திக் கட்டியதாக இருக்க வேண்டும். டெப் பொதியில் சிஸ்டத்தின் க்யூட்டியையே பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை.

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு சிக்கல், தமிழ் எழுத்துரு இல்லாதது. டெப் பொதியில் லோகித் தமிழ் வேண்டும் என்று பட்டியலில் எழுதிவிடலாம். ஆப்இமேஜ், ஃப்ளாட்பேக், ஸ்னாப் வடிவங்களில் அப்படிக் கேட்க வழியில்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவை உள்ளேயே வைத்துவிடுங்கள், அதன் உரிமம் அதை அனுமதிக்கிறது.

ஃப்ளாட்பேக்ல போட்டதும் எடைமெஷின் தெரியலை, ஃபைலும் திறக்கலை. உடைஞ்சிடுச்சா?

உடையவில்லை, வேலிக்குள் நிற்கிறது. கோப்பைப் பொறுத்தவரை, 'போர்ட்டல்' என்ற வாசல் வழியாகக் கேட்க வேண்டும்: பயனர் தன் கையால் தேர்ந்தெடுக்கும் கோப்பு மட்டும் உள்ளே வரும். க்யூட்டி, அதைப் போன்ற ஜிடிகே இரண்டின் வழக்கமான கோப்புத் தேர்வுச் சாளரத்தைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் இது தானாக நடக்கும். கோப்பின் பாதையை நிரலில் எழுதிவைத்திருந்தால் நடக்காது. நம்மில் பலர் அப்படித்தான் எழுதுகிறோம், அதைத் திருத்துவது நல்லது.

எடைமெஷின் கடினம். அது யுஎஸ்பி வழியாக சீரியல் இணைப்பாக வரும். அதற்கென்று மட்டும் ஃப்ளாட்பேக்கில் குறுகிய அனுமதி இல்லை. எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்க முடியும், வேலி கட்டியதன் பாதிப் பயன் அங்கே போய்விடும். ஸ்னாப்பிலும் சீரியல் இணைப்பு டெஸ்க்டாப்பில் லேசில் வராது. இந்த மாதிரிச் செயலிக்கு டெப்தான் நேர்மையான வழி என்பது என் கருத்து. எப்படியும் பயனரை, சீரியல் இணைப்பைத் தொட அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஸ்னாப்பை ஏன் இத்தனை பேர் வேண்டாங்குறாங்க?

கடையின் சர்வர் நிரல் திறந்ததல்ல என்பது முதல் குறை. கட்டற்ற மென்பொருள் அன்பர்களுக்கு இது பெரிய விஷயம், எனக்கும்தான். தானாகவே புதுப்பித்துக்கொள்வது இரண்டாவது. ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்கும். இப்போது நிறுத்திவைக்கக் கட்டளை இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 2020-இல் 20-ஆம் வெளியீட்டிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகத் தடுத்தே வைத்திருக்கிறது. மறுபக்கம், உபுண்டு 22.04-இலிருந்து ஃபயர்பாக்ஸே ஸ்னாப்பாகத்தான் வருகிறது. உங்கள் பயனர்கள் எல்லோரும் உபுண்டு என்றால், அவர்கள் வேறெந்தக் கருவியையும் புதிதாக நிறுவாமல் கிடைக்கும் ஒரு வழி அது.

பைத்தான்தானே, பிப் போட்டுக்கச் சொன்னா போதாதா?

நிரல் எழுதுபவருக்குப் போதும், கடைக்காரருக்குப் போதாது. 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து, சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் நேராக எதையும் நிறுவ விடுவதில்லை. அந்தத் தடையை உடைக்கும் கட்டளையைக் கற்றுக்கொடுத்தால், பிறகு ஒருநாள் அவருடைய சிஸ்டமே குழம்பும்.

டெபியனுக்குள்ளேயே என் செயலியைச் சேர்த்துட்டா எல்லாருக்கும் போயிடுமே?

போகும், உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் சேர்ந்தே போகும். ஆனால் அவசரத்துக்கு ஆகாது. பொதியாக்க விருப்பத்தை அறிவித்து, விதிப்படி கட்டி, உங்களுக்காக அதை ஏற்றிவிடும் ஒரு டெபியன் உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். நிலையான வெளியீடு சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குள் போன பதிப்பு அப்படியே நிற்கும், பாதுகாப்புத் திருத்தமும் பெரிய பிழைகளுக்கான திருத்தமும் மட்டும் வரும். வாரம் ஒரு புது வசதி சேர்க்கும் செயலிக்கு இது பொருந்தாது. ஓடி நிலைத்துவிட்ட செயலிக்கு இதைவிட மரியாதையான இடம் கிடையாது. 2023 ஜனவரியில் விழுப்புரத்திலேயே மினி டெப்கான்ஃப் நடந்தது. வழிகாட்டுபவர்கள் ஒரு பேருந்துப் பயண தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஃப்ளாட்ஹப்ல போடணும்னா என்னென்ன கேக்குறாங்க?

தலைகீழ் டொமைன் வடிவில் ஓர் அடையாளப் பெயர், விளக்கமும் திரைப்பிடிப்புகளும் (ஸ்கிரீன்ஷாட்) உரிமமும் உள்ள மெட்டாஇன்ஃபோ கோப்பு, மெனுவில் தோன்ற டெஸ்க்டாப் கோப்பு, படவுரு, கட்டும் முறையை விவரிக்கும் மேனிஃபெஸ்ட். அவர்களுடைய சர்வரில் கட்டும்போது இணையம் கிடையாது. பைத்தான் சார்புகள் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும், அதற்குக் கருவி உண்டு. தேவைக்கு மேல் அனுமதி கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்பது நல்லதுதான்.

அடையாளப் பெயரை நிதானமாக யோசித்து வையுங்கள். சொந்த டொமைன் இல்லையென்றால் கிட்ஹப் கணக்கின் பெயரில் வைக்கலாம். அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. காரணம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

உள்ள வச்ச லைப்ரரியில ஓட்டைன்னு செய்தி வந்தா, யார் அடைக்கணும்?

பாத்திரம் யாருடையதோ அவர்தான். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியில் மோசமான ஓட்டை தெரிந்தது. டெப் பொதிக்காரர்கள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. டிஸ்ட்ரோ அந்த ஒரு லைப்ரரியைத் திருத்தியதும் அதை நம்பிய எல்லாச் செயலிகளும் சரியாயின. ஃப்ளாட்பேக்கில் ரன்டைமுக்குள் இருந்ததை ரன்டைம் பராமரிப்பவர்கள் திருத்தினார்கள். ஆப்இமேஜுக்குள் அதை வைத்திருந்தவர்கள், எலக்ட்ரானோடு சேர்த்துக் கட்டியிருந்தவர்கள், ஒவ்வொருவரும் தானே மறுபடி கட்டி, ஒவ்வொரு பயனரிடமும் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. ஆப்இமேஜுக்குத் தானே புதுப்பிக்கும் வழி உண்டு, நீங்கள் அதைச் சேர்த்தால் மட்டும்.

பழைய அரசு லேப்டாப், 32 பிட். அதுக்கு எதைக் கொடுக்கிறது?

முதலில் சிப்பைப் பாருங்கள். சிப் 64 பிட்டைத் தாங்கும், ஏற்றிய சிஸ்டம் மட்டும் 32 பிட்டாக இருப்பதுண்டு; அப்படியென்றால் சிஸ்டத்தை மாற்றுவதே நல்லது. உண்மையிலேயே 32 பிட் என்றால் டெபியன் 12-இல் டெப் பொதி. டெபியன் 13-இலிருந்து 32 பிட் கணினிக்கு நிறுவியே இல்லை.

நீங்க கடைகளுக்கு எப்படிக் கொடுக்குறீங்க?

எடைமெஷின் இருப்பதால் டெப். எல்லாக் கடையும் மின்ட் அல்லது உபுண்டு என்று ஆரம்பத்திலேயே ஒழுங்குபடுத்திவிட்டேன். கையொப்பமிட்ட சிறு களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கிறேன். கடையில் வழக்கமான சிஸ்டம் புதுப்பிப்போடு என் திருத்தமும் போய்விடும். கையொப்பச் சாவியின் நகல் வீட்டில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று. எடைமெஷின் தேவையில்லாத கணக்குப் பதிப்பை ஃப்ளாட்பேக்காகத் தருகிறேன்.

டெப்லேர்ந்து ஃப்ளாட்பேக்குக்கு மாத்தினேன். ரெண்டு வருஷக் கணக்கும் காணோம்க்கா!

பதறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். டெப் செயலி தன் தரவை வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் வழக்கமான இடத்தில் வைத்திருந்தது. அது அங்கேயேதான் இருக்கிறது. ஃப்ளாட்பேக் ஒவ்வொரு செயலிக்கும் அதன் அடையாளப் பெயரிலேயே தனிக் கோப்புறை கொடுத்து, 'என் தரவு எங்கே' என்று செயலி கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டும். புது இடம் காலியாக இருப்பதால் புதுக் கணக்கு தொடங்குவது போலத் தெரிகிறது. அடையாளப் பெயரை மாற்றினாலும் இதேதான் நடக்கும்.

செயலியை மூடிவிட்டுப் பழைய கோப்பைப் புது இடத்துக்கு நகலெடுத்தால் கணக்கு திரும்பிவிடும். ஆனால் இதைப் பயனர் கையால் செய்ய விடக்கூடாது. ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு, குரல் நடுங்க, "ஏம்மா, மாசி மாசத்துச் சீட்டெல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார். அன்று ராத்திரியே, முதல்முறை திறக்கும்போது பழைய இடத்தைப் பார்த்து, "பழைய கணக்கு இருக்கிறது, கொண்டுவரட்டுமா?" என்று கேட்கும் பகுதியை எழுதினேன். அதற்காகப் பழைய கோப்புறை ஒன்றை மட்டும் வாசிக்கும் அனுமதியை மேனிஃபெஸ்டில் கேட்டிருக்கிறேன். எழுதும் அனுமதி கேட்கவில்லை.